"இருந்தாலும்" இல்லாத ஹீரோயின்: கருப்பின நடிகர்கள் லீடா நடிச்ச டிராமாக்களை வீட்டோட உக்காந்து பாக்கறது எப்படி

எங்க வீட்டுல வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் மூணு பேரு சோபாவுல உக்காந்துருவோம். நான், எங்கம்மா, அக்கா பொண்ணு. அம்மாவுக்கு 72 வயசு, அக்கா பொண்ணுக்கு 17, மூணு பேருக்கும் பிடிச்ச மாதிரி ஒண்ணு தேடறதே பெரும்பாடு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி தற்செயலா ஆரம்பிச்ச பழக்கம் இது. கருப்பின நடிகர்கள் ஹீரோவோட ஃபிரெண்டாவோ, ரெண்டு சீன் வந்துட்டு செத்துப்போற போலீஸாவோ இல்லாம, கதையையே தூக்கிட்டு போற ஆளா நடிச்ச டிராமாக்களை தேடிப்பிடிச்சு பாக்கறோம். சொந்தக்காரங்க, ஆபீஸ் ஃபிரெண்ட்ஸ்னு நெறைய பேரு எதுலேர்ந்து ஆரம்பிக்கறது, வீட்டுல பெரியவங்களோட பாக்கலாமான்னு கேக்கறாங்க, வாட்ஸாப்ல துண்டு துண்டா சொல்லிட்டிருந்தேன், எல்லாத்தையும் இங்க ஒண்ணா எழுதிடறேன்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. "கருப்பா இருந்தாலும் களையா இருக்கா." இதை கேக்காம வளர்ந்த தமிழ் பொண்ணு எங்க சிங்கப்பூர்ல எத்தனை பேரு இருப்பாங்க? எனக்கு 12 வயசு இருக்கறப்ப ஒரு மேடை நாடகம், கதாநாயகி வசனம் முழுக்க எனக்கு மனப்பாடம், குரல் கணீர்னு இருக்குன்னு எல்லாரும் சொன்னாங்க, கடைசியில திரைக்கு பின்னாடி நின்னு கதை சொல்ற வேலையை கொடுத்தாங்க, முன்னாடி நின்னவ நல்ல சிவப்பு. அந்த "இருந்தாலும்"ங்கற ஒரு வார்த்தை மனசுல முள்ளு மாதிரி தங்கிடும். இந்த டிராமாக்கள்ல எனக்கு கிடைச்சது அந்த வார்த்தை ஒட்டாத முகங்கள், அதனால தான் இவ்ளோ மெனக்கெட்டு எழுதறேன்.

முதல்ல டிவிய சரி பண்ணுங்க

சின்ன விஷயம்னு தாண்டி போயிடாதீங்க, இதுல தான் பாதி இருக்கு. கடையிலேர்ந்து வாங்கிட்டு வந்த டிவி நெறைய வீட்டுல "விவிட்" மோடுலயே கிடக்கும், வெளிச்சமும் கலரும் தூக்கலா இருக்கும், இருட்டான சீன்ல கருப்பான முகம் வந்தா கண்ணும் பல்லும் தவிர ஒண்ணும் தெரியாது. பிக்சர் செட்டிங்ஸ்ல போயி "மூவி" இல்லன்னா "ஃபிலிம்மேக்கர்" மோடுக்கு மாத்துங்க, கரண்ட் மிச்சம் பண்ற ஈகோ மோடு ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணுங்க. அப்புறம் எச்டிபி (அரசாங்க அடுக்குமாடி) வீடுன்னா காரிடார் லைட் நேரா ஸ்கிரீன்ல அடிக்கும், கர்ட்டனை இழுத்து விட்டுட்டு ஹால் ட்யூப்லைட்டை அணைச்சுட்டு பின்னாடி ஒரு சின்ன மஞ்ச விளக்கு மட்டும் போட்டு பாருங்க, அதே முகத்துல எத்தனை நிறம் இருக்குன்னு தெரியும்.

இது உங்க டிவியோட குத்தம் மட்டும் இல்ல. அந்த காலத்துல கோடாக் ஃபிலிம் கழுவற லேப்ல கலர் சரியா வந்திருக்கான்னு பாக்க ஒரு மாதிரி அட்டை வச்சிருந்தாங்க, "ஷெர்லி கார்டு"ன்னு பேரு, அதுல இருந்தது வெள்ளைக்கார பொண்ணு. அவ தோல் நல்லா வந்தா போதும்னு தான் எல்லாமே அமைச்சிருந்தாங்க. கருப்பு தோல் சரியா விழலைன்னு அம்மாக்கள் ஸ்கூல் குரூப் ஃபோட்டோவ பாத்து வருத்தப்பட்டப்ப பெருசா ஒண்ணும் மாறல, சாக்லேட் கம்பெனியும் மர சாமான் கம்பெனியும் எங்க பொருளோட நிறம் சரியா விழலைன்னு சொன்னப்ப தான் ஃபிலிமை மாத்த ஆரம்பிச்சாங்க. இதை படிச்ச அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

இப்ப வேலை செய்யறவங்க வேற மாதிரி யோசிக்கறாங்க. "இன்செக்யூர்"னு எச்பிஓங்கற அமெரிக்க சேனல்ல 2016-லேர்ந்து 2021 வரைக்கும் வந்த சீரிஸ், காமெடி கலந்தது, அதோட கேமராமேன் ஏவா பெர்கோஃப்ஸ்கின்னு ஒரு அம்மா. முகத்துல லைட்டை கொட்டறதுக்கு பதிலா தோலை மினுமினுன்னு ஈரப்பதமா வச்சு, வெளிச்சம் அதுல பட்டு திரும்பற மாதிரி எடுத்தேன்னு அவங்க விளக்கியிருக்காங்க. நம்ம வீட்டுல என்ன பண்ணோம்? ஃபோட்டோ எடுக்கணும்னா முகத்துல பவுடரை அப்பி சாம்பல் பூத்த மாதிரி ஆக்கி அனுப்புவாங்க. தேங்காயெண்ணெய் தடவுன முகத்துல தான் அழகே இருந்திருக்கு, தெரியாம போச்சு.

எதை முதல்ல, எதை அப்புறம்

எல்லாத்தையும் வருஷ வரிசைப்படி பாக்கணும்னு உக்காந்தா ரெண்டாவது வாரமே விட்டுருவீங்க. சின்ன சீசனா இருக்கறதுலேர்ந்து ஆரம்பிங்க.

எங்களுக்கு கைகொடுத்தது "லூபின்". பிரெஞ்சு சீரிஸ், நெட்ஃபிளிக்ஸ்ல 2021 ஜனவரியில வந்துச்சு, முதல் பாகம் அஞ்சே எபிசோடு. அசான் டியோப்ங்கற திருடனா ஒமார் சி நடிச்சிருக்காரு, பிரான்ஸ்ல பொறந்தவரு, அப்பா செனகல், அம்மா மொரிட்டேனியா. கதையில அசானோட அப்பா செனகல்லேர்ந்து வந்து ஒரு பணக்கார வீட்டுல டிரைவரா இருந்தவரு, செய்யாத திருட்டு பழி அவர் மேல விழுது. மகன் என்ன பண்றான்னா லூவ்ர் மியூசியத்துல துப்புரவு ஆளா உள்ள போறான், துடைப்பத்தோட நிக்கறவன் முகத்தை யாரும் பாக்க மாட்டாங்கங்கறது தான் அவனோட ஆயுதமே. அப்புறம் அதே மியூசியத்துல நடக்கற ஏலத்துக்கு கோட்டு சூட்டு போட்டு கோடீஸ்வரனா வந்து உக்காருவான். எங்கம்மா அந்த இடத்துல ரிமோட்டை வாங்கி நிறுத்திட்டு, "நம்ம புளோக் கூட்டற தம்பி பேரு என்ன?"ன்னு கேட்டாங்க. எங்க ரெண்டு பேருக்கும் தெரியல. மறுநாள் காலையில அம்மாவே கீழ போயி கேட்டுட்டு வந்தாங்க.

வசனம் புரியலைன்னு பயப்பட வேண்டாம், பிரெஞ்சு ஆடியோவுல இங்கிலீஷ் சப்டைட்டில் போட்டு பாருங்க, பெரியவங்களுக்கு பக்கத்துல உக்காந்து ஒருத்தர் சுருக்கமா தமிழ்ல சொல்லிட்டே வரணும், அதுவே ஒரு சுகம் தான்.

அடுத்து "லூதர்". பிபிசி, 2010-ல ஆரம்பிச்சு 2019 வரைக்கும், அஞ்சு சீசனும் சேத்து மொத்தமே 20 எபிசோடு. இட்ரிஸ் எல்பா லண்டன் டிடெக்டிவ், நீளமான சாம்பல் கோட்டு. கொலைகாரங்க கதை, ராத்திரி தனியா இருக்கறவங்க பகல்லயே பாத்துக்கங்க. அதுக்கப்புறம் "ஸ்கேண்டல்", முதல் சீசன் 7 எபிசோடு தான், ஆனா ஜனாதிபதிக்கும் ஹீரோயின் ஒலிவியா போப்புக்கும் இருக்கற தொடர்பு கதையோட நடுவுல இருக்கு, மாமியாரோட பாக்கறவங்க யோசிச்சு போடுங்க. "திஸ் இஸ் அஸ்" பெருசு, 6 சீசன், 106 எபிசோடு, அழுது தீரும், டிஷ்யூ பெட்டி பக்கத்துலயே இருக்கட்டும். "தி வயர்" ரொம்ப நல்ல சீரிஸ், எச்பிஓ 2002-லேர்ந்து 2008, பால்டிமோர் ஊர் கதை, ஆனா தெரு பேச்சு வேகமா போகும், தனி ஹீரோன்னு ஒருத்தர் கிடையாது, முதல்ல இதை தொட்டீங்கன்னா மலைச்சு போயிடுவீங்க, ஆறு மாசம் கழிச்சு வாங்க.

ஒவ்வொண்ணும் எந்த ஆப்ல இருக்குன்னு எழுதி வச்சா அடுத்த மாசமே மாறிடுது, அதனால பேரை போட்டு தேடிக்கங்க. போடறதுக்கு முன்னாடி ரேட்டிங் பாருங்க, என்சி16, எம்18-னு நம்ம ஊர் ரேட்டிங் போட்டிருக்கும், ஏன் அந்த ரேட்டிங்னு பக்கத்துலயே சின்ன எழுத்துல இருந்தா அதையும் படிங்க. சின்ன பசங்க இருக்கற வீட்டுல புரொஃபைலுக்கு பின் நம்பர் போட்டு வைங்க.

பழசு ஏன் இல்லன்னு பசங்க கேப்பாங்க

அக்கா பொண்ணு லிஸ்ட்டை பாத்துட்டு, "சித்தி, எல்லாமே புதுசா இருக்கே, பழசு ஒண்ணும் இல்லையா?"ன்னு கேட்டா. இருக்கு, விரல் விட்டு எண்ணிடலாம். அமெரிக்காவுல வாராவாரம் வர்ற டிராமாவுல கருப்பினத்தவர் ஒருத்தர் முதல் தடவையா லீடா வந்தது 1965-ல "ஐ ஸ்பை", அதுலயும் வெள்ளைக்கார நடிகர் ஒருத்தரோட சேந்து தான் ரெண்டு ஹீரோ. அதுல நடிச்சது பில் காஸ்பி, பின்னாடி அவர் மேல வந்த பாலியல் புகார்களையும் கோர்ட் கேஸையும் பசங்ககிட்ட மறைக்காம சொல்லிடுங்க, வரலாறுன்னா ரெண்டும் தான். பொண்ணுங்கள்ல 1974-ல "கெட் கிறிஸ்டி லவ்"னு ஒரு போலீஸ் டிராமா, தெரசா கிரேவ்ஸ் நடிச்சது, ஒரே சீசன்ல நின்னுபோச்சு. அதுக்கப்புறம் பெரிய சேனல்ல ஒரு மணி நேர டிராமாவை ஒரு கருப்பின பொண்ணு தனியா தோள்ல சுமக்கணும்னா 2012-ல கெர்ரி வாஷிங்டன் "ஸ்கேண்டல்"ல வர்ற வரைக்கும் காத்திருந்தாங்க. 38 வருஷம். 74-ல பொறந்த பொண்ணு கல்யாணம் கட்டி பிள்ளை பெத்து அந்த பிள்ளை ஸ்கூலுக்கு போற வயசு.

அமெரிக்க டிவிக்கு கொடுக்கற எம்மி விருதுலயும் இதே கதை. டிராமாவுல சிறந்த நடிகர் விருது கருப்பினத்தவருக்குன்னு பாத்தா 1998-ல "ஹோமிசைட்"க்காக ஆண்ட்ரே பிராவருக்கு, அடுத்து 2017-ல "திஸ் இஸ் அஸ்"க்காக ஸ்டெர்லிங் கே பிரவுனுக்கு, நடுவுல 19 வருஷம், மேடையில ஏறுனதும் அவரு பிராவரோட பேரை மறக்காம சொன்னாரு. கருப்பின நடிகையில 2015-ல வயோலா டேவிஸ் தான் முதல் ஆளு. திறமை இல்லாம இல்ல, வாய்ப்பு தான் இல்ல, எழுதவே படாத வேஷத்துக்கு எப்படி விருது வாங்கறதுன்னு அன்னிக்கு மேடையில கேட்டாங்க. யூட்யூப்ல கிடைக்கும், ரெண்டு மூணு நிமிஷம் தான், பசங்களுக்கு போட்டு காட்டுங்க.

லீடா இல்ல சும்மா போஸ்டரா, எப்படி கண்டுபிடிக்கறது

போஸ்டர்ல நடுவுல நின்னா லீடுன்னு நினைச்சுக்காதீங்க. நாங்க ஒரு நோட்டு வச்சிருக்கோம், ஒவ்வொரு சீரிஸ்க்கும் ரெண்டு மூணு எபிசோடு முடிஞ்சதும் சில கேள்வி கேட்டு எழுதுவோம்.

கேமரா அந்த ஆளோட வீட்டுக்குள்ள போகுதா? ஆபீஸ்லயும் ஸ்டேஷன்லயும் மட்டுமே பாத்த ஆளு லீடு இல்ல. கதவை சாத்திட்டு செருப்பை கழட்டி போட்டு தனியா உக்காரற நேரத்துல நம்மள கூட வச்சுக்கறாங்கன்னா தான் கதை அவங்களோடது. இதுக்கு "ஹவ் டு கெட் அவே வித் மர்டர்" முதல் சீசன் நாலாவது எபிசோடை விட நல்ல உதாரணம் எனக்கு தெரியாது. வயோலா டேவிஸ் அதுல அன்னலிஸ் கீட்டிங்ங்கற வக்கீல், காலேஜ்ல சட்டம் சொல்லிக்கொடுக்கறவங்க, எல்லாரும் நடுங்கற ஆளு. அந்த எபிசோடு முடிவுல கண்ணாடி முன்னாடி உக்காந்து நகையை கழட்டி, விக்கை கழட்டி, ஒட்டு இமையை எடுத்து, மேக்கப்பை துடைச்சு எடுத்துட்டு வெறும் முகமா நிமிருவாங்க. எல்லாத்தையும் எடுத்து முடிக்கற வரைக்கும் ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. அந்த விக்கை கழட்டணும்னு கேட்டதே வயோலா டேவிஸ் தான். அந்த சீரிஸ் ஆரம்பிச்ச 2014-லயே ஒரு பெரிய அமெரிக்க பத்திரிகை, வழக்கமான அழகு இவங்ககிட்ட குறைவுங்கற அர்த்தத்துல எழுதி பெரிய சர்ச்சையாச்சு. நம்ம ஊரு "இருந்தாலும்" மாதிரியே தான், பாஷை தான் வேற.

அந்த சீன் முடிஞ்சு நான் அம்மாவை திரும்பி பாத்தேன். எங்கம்மா கல்யாணம் காட்சின்னா சவுரி வச்சு தான் கொண்டை போடுவாங்க. "கல்யாண வீட்டுலேர்ந்து வந்து சவுரிய எடுக்கறப்ப நானும் இப்படித்தான் கண்ணாடிய பாப்பேன், அப்ப யாரும் ரூமுக்குள்ள வரக்கூடாதுன்னு இருக்கும்"னாங்க. என் வயசுக்கு அம்மா எங்கிட்ட இப்படி ஒண்ணு சொன்னது அது தான் முதல் தடவை.

அடுத்த கேள்வி, தப்பு பண்ண உரிமை இருக்கா? நல்லவனாவே இருந்து எல்லாருக்கும் புத்தி சொல்லிட்டு இருக்கற பாத்திரம் லீடு மாதிரி தெரியும், ஆனா அது பொம்மை. ஒலிவியா போப் பொய் சொல்றாங்க, அன்னலிஸ் அதை விட மோசம், அசான் திருடன், லூதர் சட்டத்தை வளைக்கறவன். இருந்தும் நாம அவங்க பக்கம் நிக்கறோமே, அது தான் லீடுக்கு கிடைக்கற மரியாதை. சிறுபான்மையா வாழறவங்களுக்கு இது நல்லா புரியும், ஒருத்தர் தப்பு பண்ணா மொத்த இனத்துக்கும் கெட்ட பேருன்னு சொல்லி தானே நம்மள வளர்த்தாங்க.

மூணாவது தான் எங்க வீட்டுல சண்டையே வந்த கேள்வி. அந்த நடிகரை எடுத்துட்டு வேற நிறத்துல ஒருத்தரை போட்டா கதை அப்படியே நிக்குமா? லூதரை எழுதுன நீல் கிராஸ் அந்த பாத்திரத்தை கருப்பினத்தவர்னு நினைச்சு எழுதல, இட்ரிஸ் எல்பா வந்து நடிச்சாரு, அவ்ளோதான். நிறத்தை பாக்காம வேஷம் கொடுத்தாங்கன்னு பாராட்டுனவங்க நெறைய பேரு. ஆனா பிபிசியிலேயே பன்முகத்தன்மைக்கு பொறுப்பா இருந்த ஒருத்தங்க 2021-ல, லூதருக்கு கருப்பின ஃபிரெண்ட்ஸ் யாரும் இல்லையே, அவன் கரீபியன் சாப்பாடு சாப்பிட்டு பாத்ததே இல்லையே, அப்புறம் எப்படி நிஜமான ஆளா இருக்க முடியும்னு கேட்டாங்க. அக்கா பொண்ணு இட்ரிஸ் எல்பா பக்கம், திறமை இருந்தா யாரு எந்த வேஷமும் போடலாம், எப்பவும் சாப்பாட்டையும் பண்டிகையையும் காட்டிக்கிட்டே இருக்கணுமா லான்னு கேக்கறா. நான் மாத்தி நினைக்கறேன். "திஸ் இஸ் அஸ்"ல ரேண்டல், வெள்ளைக்கார குடும்பத்துல தத்துப்பிள்ளையா வளர்ந்தவன், பெத்த அப்பாவை தேடிட்டு போறான், அந்த வேஷத்தை வேற யாரும் போட முடியாது, போட்டா கதையே கிடையாது. ஸ்டெர்லிங் கே பிரவுன் 2018-ல கோல்டன் குளோப் விருது வாங்குனப்ப இதையே தான் சொன்னாரு, கருப்பினத்தவர் மட்டுமே நடிக்கக்கூடிய வேஷத்தை எழுதுனீங்க, அதனால என்னை நானாவே பாக்கறாங்கன்னு. ரெண்டும் வேணும், ஆனா ரேண்டல் மாதிரி ஒண்ணு கிடைக்க இன்னும் கஷ்டம், அதனால என் மனசு அந்த பக்கம் தான் சாயுது. இதை உங்க வீட்டுலயும் பேச விடுங்க, முடிவு வரலைன்னாலும் பரவாயில்ல.

யாரு எழுதுனது, யாரு தயாரிச்சதுன்னு கடைசியில ஓடற பேரையும் பாருங்க, "ஸ்கிப்" அழுத்தாதீங்க. "ஸ்கேண்டல்" ஷோண்டா ரைம்ஸோட படைப்பு. அவங்க கம்பெனி தான் அன்னலிஸ் கீட்டிங் சீரிஸையும் தயாரிச்சுது, 2020 டிசம்பர்ல "பிரிட்ஜர்டன்"ஐயும் கொண்டு வந்துச்சு. அதுல முதல் சீசன் ஹீரோ ரெஜே ஜான் பேஜ், கருப்பின பிரபு. 2022-ல ரெண்டாவது சீசன் ஹீரோயின் யாரு? சிமோன் ஆஷ்லி, இங்கிலாந்துல பொறந்த தமிழ் வம்சாவளி பொண்ணு, மாநிறத்தை தாண்டுன நிறம், ராஜகுமாரி மாதிரி கவுன் போட்டு நடுவுல நின்னு "அப்பா"ன்னு நம்ம வார்த்தையில சொல்றா. கதவை ஒருத்தர் திறந்து வச்சா யாரு யாரெல்லாம் உள்ள வர முடியுதுன்னு இதுல பாருங்க. (அம்மாவோட பாக்காதீங்க, படுக்கையறை சீன் நெறைய.)

பெரியவங்களோட பேச்சு

பாட்டி தாத்தா காலத்து ஆளுங்க "நீக்ரோ"ங்கற வார்த்தைய சாதாரணமா சொல்லுவாங்க, கெட்ட எண்ணமே இருக்காது, அவங்க படிச்ச காலத்துல புஸ்தகத்துலயே அப்படித்தான் இருந்துச்சு. பசங்க முன்னாடி வெடுக்குனு திருத்துனா மனசு ஒடைஞ்சு அடுத்த வாரம் வந்து உக்கார மாட்டாங்க. நான் பண்ணது இது தான், பாத்திரத்தோட பேரை சொல்லி பழக்குனேன். "யாரும்மா கோபமா இருக்கா, அன்னலிஸா?" "அசான் இப்ப எங்கம்மா போறான்?" மூணு வாரத்துல எங்கம்மா வாயிலேர்ந்து அந்த வார்த்தை தானா போயிடுச்சு. பேரு தெரிஞ்ச ஆளை யாரு இனத்தை சொல்லி கூப்பிடுவா? பொதுவா சொல்லணும்னா கருப்பினத்தவர், இல்லன்னா ஊரோட சேத்து ஆப்பிரிக்க அமெரிக்கர், செனகல்காரர்னு சொல்லலாம்.

அதே நோட்டோட நம்ம டிராமாவையும் பாருங்க

இதை விட்டுட்டீங்கன்னா பாதி வேலை தான் பண்ணிருக்கீங்க. சிங்கப்பூர்ல 2020 மக்கள்தொகை கணக்கெடுப்புபடி இந்தியர் 9 விழுக்காடு, மொத்த நாட்டுக்குமான இங்கிலீஷ் டிராமாவுல அந்த 9 விழுக்காட்டுலேர்ந்து வர்ற ஆளு யாரு, கேமரா அவங்க வீட்டுக்குள்ள போகுதா, தப்பு பண்ண விடறாங்களான்னு அதே கேள்விய கேட்டு எழுதுங்க. 2019-ல ஒரு விளம்பரத்துல சீன நடிகர் ஒருத்தர் தோலை பழுப்பாக்கிக்கிட்டு இந்தியரா வந்து நின்னது ஞாபகம் இருக்கும், மன்னிப்பு கேட்டாங்க, முடிஞ்சுது, ஆனா வேஷம் போட நம்ம ஆளுங்க இருந்தும் ஏன் கூப்பிடலங்கற கேள்வி அப்படியே இருக்கு.

நம்ம தமிழ் சேனல் வசந்தத்துல வர்ற டிராமாவையும் விடாதீங்க, மீவாட்ச் ஆப்ல பழசெல்லாம் நெறைய கிடக்கு. அங்க நம்ம ஆளுங்க தான் லீடு, அதனால இனத்தை பத்தின கேள்விக்கு வேலை இல்ல, நிறத்தை பத்தின கேள்விக்கு இருக்கு. ஹீரோயின் என்ன நிறம், அவளோட ஃபிரெண்டா வர்ற பொண்ணு என்ன நிறம், கருப்பா இருக்கற பொண்ணுக்கு காதல் வருதா, இல்ல சிரிக்க வைக்கற வேலை மட்டும் தானா, லைட்டை எப்படி வச்சிருக்காங்க, பவுடர் எவ்ளோ. நல்லா பண்ணியிருந்தா அந்த நடிகையோட பேஜ்ல போயி நல்லா இருந்துச்சுன்னு ரெண்டு வரி எழுதுங்க, குறை சொல்றதுக்கு ஆயிரம் பேரு வர்றாங்க, இதுக்கு யாரும் வர்றதில்ல.

எங்க நோட்டு இப்ப 40 பக்கத்தை தாண்டிடுச்சு. முதல் பக்கத்துலேர்ந்து அக்கா பொண்ணு எழுத்து தான், நடு நடுவுல பென்சில்ல அம்மா கையெழுத்து, லூதர் பக்கத்துல "கோட்டை தொவைக்கவே மாட்டானா"ன்னு எழுதி வச்சிருக்காங்க. இந்த வாரம் ரேண்டல் அவன் பெத்த அப்பாவை முதல் தடவையா வீட்டுக்கு கூட்டிட்டு வர்ற இடம், நான் ஏற்கனவே பாத்தாச்சு, அம்மா இன்னும் பாக்கல, அதனால கதைய மட்டும் யாரும் சொல்லிடாதீங்க.